எத்தனை குளிர்காலத்துக்கு?

சும்மாதான் வந்தேன் என்று ஜோசியான் சொன்னாள்.

மாண்ட்ரியலிலிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, அதுவும் நவம்பர் மாதத்தில், மத்தானுக்கு யாரும் சும்மா வருவதில்லை. மரியேலுக்கு அது தெரியும். முந்தின நாள் மாலை பஸ் நிறுத்தத்தில் மகளைக் கட்டிக்கொண்டபோதே அவள் முதுகு விறைத்திருந்ததைக் கவனித்தாள். கவனித்தாளே தவிர, எதுவும் கேட்கவில்லை. ஜூன் மாதம் கணவன் ரெஜான் இரண்டு பெட்டிகளோடு ரிமூஸ்கிக்குக் குடிபோனதிலிருந்து அவள் நிறையக் கேள்விகளைக் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

சனிக்கிழமை காலை. கோப்பையில் காப்பி, தட்டில் வாட்டிய ரொட்டி. ரேடியோவில் ஒருவன் மிகவும் சந்தோஷமாக, சாயங்காலத்துக்குள் பனி விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வாசலுக்குப் போய் வந்த ஜோசியான் கதவைச் சாத்தாமலே கத்தினாள்.

"அம்மா! கார்ல இன்னும் வெயில்கால டயரே கிடக்கு!"

"கதவைச் சாத்து. வீட்டுச் சூடெல்லாம் வெளிய ஆத்தங்கரைக்குப் போகுது."

"பழைய பனி டயர் எங்க?"

"மார்ச் மாசமே உங்கப்பா தூக்கிப் போட்டுட்டார். தேஞ்சு மொட்டையாயிடுச்சு. அடுத்த வருஷம் புதுசு பார்த்துக்கலாம்னார்."

அடுத்த வருஷம் வந்துவிட்டது. சொன்னவன்தான் இல்லை.

டிசம்பர் முதல் தேதிக்குள் பனியில் வழுக்காத டயருக்கு மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். மரியேலுக்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மலைக்குப் பின்னாலிருக்கும் கிராமங்களில் வீடு வீடாகப் போய், எழுந்து நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. கார் நின்றால் வேலை நிற்கும். இந்தச் சாம்பல் நிறச் சின்னக் கார் ஒன்றுதான் பிரிவுக்குப் பிறகு முழுக்க முழுக்க அவள் பெயரில் இருந்த பொருள். வீடு இன்னும் இரண்டு பேர் பெயரில்.

"கிளம்பு, போய் வாங்கிட்டு வருவோம்" என்று கோட்டை எடுத்தாள்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடைக்கு முதலில் போனார்கள். ஜெல் தடவிய தலையோடு வந்த ஒரு பையன், பளபளக்கும் அலாய் வீலில் மாட்டிய டயர்களைக் காட்டி விலையைச் சொன்னான். மரியேல் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"தம்பி, நாலுக்குமா? இல்ல ஒண்ணுக்கா?"

"நாலுக்குத்தாங்க. மாட்டறதுக்குக் கூலி தனி. அதுவும் டிசம்பர் எட்டாம் தேதிக்கு மேலதான் நேரம் இருக்கு."

"அப்போ எட்டாம் தேதி வரைக்கும் என் பேஷண்டுகளைக் குளிக்காம இருக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். ஜோசியான் சிரித்துவிட்டாள். ஊருக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் சிரிப்பு.

அடுத்து கிளெமானின் டயர்க் கடை. ஆற்றங்கரையில், படகுத்துறைக்குப் பின்னால், வேலி போட்ட பெரிய காலி மனை. பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. மரியேலின் கால் தானாகத் தயங்கி நின்றது.

அந்த வாசனை அவளுக்கு நவம்பரின் வாசனை. இருபத்தெட்டு வருஷமாக, நவம்பரில் ஒரு சனிக்கிழமை ரெஜான் நிலவறையிலிருந்து டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வருவான். ஒவ்வொன்றின் மேலும் எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று மஞ்சள் சாக்பீஸால் எழுதியிருக்கும். இவள் ஃபிளாஸ்க்கில் காப்பியோடு பக்கத்தில் நிற்பாள். ஜாக்கியைத் தள்ளுவாள், ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள், அவன் கை விறைத்துப்போனால் தன் கையுறைக்குள் இழுத்து வைத்துக்கொள்வாள். கல்யாணமான முதல் வருஷம் அவர்களிடம் பனி டயர் இரண்டுதான் இருந்தது. அதைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதும் சிரித்துக்கொண்டே சறுக்கினார்கள். அந்த வயதில் சறுக்குவதுகூட ஒரு திருவிழா மாதிரிதான் இருந்தது.

"மரியேல்!"

கிளெமான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். ரெஜானின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். கல்யாணத்தில் அக்கார்டியன் வாசித்தவன். இப்போது தலையில் ஒரு முடி இல்லை.

"ஜோசி, நீயா? என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட! மாண்ட்ரியல்ல சோறு போடறதில்லையா?"

"போடறாங்க, விலையைப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"கிளெமான், டயர் வேணும்" என்றாள் மரியேல். "ரிம்மோட. என் வசதிக்குத் தகுந்த மாதிரி."

கிளெமான் காதைச் சொறிந்தான்.

"உனக்கு எடுத்து வச்சிருக்கே... உனக்குத் தெரியாதா?"

"எது?"

"ரெஜான் போன வாரம் வந்தான். உன் வண்டிக்குன்னு ஒரு செட் பார்த்து எடுத்து, காசும் கொடுத்துட்டுப் போயிட்டான். நீ எப்படியும் இங்கதான் வருவேன்னான்."

கொட்டகையின் மூலையில் நான்கு டயர்கள் ரிம்மோடு அடுக்கியிருந்தன. மேலே இருந்ததில் மஞ்சள் சாக்பீஸில் 'மரியேல்' என்று எழுதியிருந்தது. அந்தச் சாய்ந்த எழுத்து யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மரியேல் அதன் முன்னால் போய் நின்றாள். போய்விட்டவன், அங்கே வேறொருத்தியோடு இருப்பவன், பனி விழப்போகிறதே, இவளுக்கு டயர் இல்லையே என்று நினைத்திருக்கிறான். ஐந்து மாதமாக அவள் நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல இளகியது. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

விரல் அங்கேயே நிற்கவில்லை. பழக்க தோஷம். இருபத்தெட்டு நவம்பர்களின் பழக்கம். தரையைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டன்களின் இடுக்கில் இறங்கித் தடவிப் பார்த்தது.

மரியேல் பையிலிருந்து ஒரு கால் டாலர் காசை எடுத்தாள். அதைத் தலைகீழாக இடுக்கில் செருகினாள். காசிலிருந்த கரிபூ மானின் மூக்கு முழுதாக வெளியே தெரிந்தது. பட்டன் தேய்ந்திருந்தால்தான் அது தெரியும். குனிந்து, ரப்பரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கத்தைப் படித்தாள். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அதில் இருக்கும்.

"ஆறு வருஷப் பழசு" என்றாள்.

"பழசுதான், ஆனா வெடிப்பு கிடிப்பு ஒண்ணும் இல்ல..."

"கிளெமான், இது எத்தனை குளிர்காலம் வரும்?"

"பார்த்து ஓட்டினா ஒண்ணு."

"ரெஜான்கிட்ட அதைச் சொன்னியா?"

கிளெமானுக்கு அங்கிருந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"சொன்னேன். இன்னும் கொஞ்சம் போட்டா நாலஞ்சு வருஷம் வர்றது இருக்குடான்னேன். அவன்... 'ஒண்ணு போதும்'னான்."

ஒண்ணு போதும்.

மரியேல் மெல்லத் திரும்பினாள். ஜோசியான் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுவயதில் ஜாடியை உடைத்துவிட்டு நிற்கும்போதும் இப்படித்தான் பார்ப்பாள்.

"வெளியே வா" என்றாள் மரியேல்.

டயர் அடுக்குகளுக்கு நடுவே குளிர்காற்று விசில் அடித்தது. துறையில் அக்கரைப் படகு கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது.

"உனக்கு என்ன தெரியும்?"

"அம்மா..."

"ஜோசி, எனக்குக் குளிருது. சீக்கிரம் சொல்லு."

"அப்பா எனக்குப் போன் பண்ணார். ஏப்ரல்ல வீட்டை விக்கணுமாம். அவர் பங்கு அவருக்கு வேணுமாம். உன்கிட்ட அவர் சொன்னா நீ போனை வச்சுடுவியாம். அதனால என்னைச் சொல்லச் சொன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்." ஜோசியானின் குரல் உடைந்தது. "சரின்னுட்டேம்மா. நீ என்கூட வந்து இரு. என் வீட்டுக்குக் கீழயே ரெண்டு ரூம் காலியாகுது. பனியில நீ தனியா மலை ஏறி இறங்கறதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர்றதில்ல. அங்க மெட்ரோ இருக்கு, கார்கூட வேணாம்."

"அதனால ஒரு குளிர்காலத்துக்கு டயர் போதும்."

"டயர் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமா."

தெரிந்திருக்காது. அது ரெஜானுக்கே உரிய கணக்கு. அவன் அக்கறையும் பொய்யில்லை, கணக்கும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே சாக்பீஸால் எழுத அவனால் முடியும். எத்தனையோ வருஷம் அவளுக்கு அந்த எழுத்தில் அக்கறை மட்டும்தான் கண்ணில் பட்டது.

படகு ஊதியது. ஜோசியான் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் தலையிலிருந்த கம்பளிக் குல்லாயை மரியேல் காதுவரை இழுத்துவிட்டாள்.

"என்னைப் பத்தி எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு. என்னை மட்டும் யாரும் கேக்கல."

"இப்போ கேக்கறேம்மா. நீ என்ன பண்ணப் போற?"

மரியேல் நேராகக் கொட்டகைக்குள் போனாள்.

"கிளெமான்! அஞ்சு குளிர்காலம் வர்ற மாதிரி காட்டு."

கிளெமானின் முகம் மலர்ந்தது. மூன்று வகை எடுத்து வந்து போட்டான். முதல் வகை பேர் பெற்ற கம்பெனி. விலையைக் கேட்டதும் அவள் தானே அதை ஓரமாக உருட்டிவிட்டாள். மூன்றாவது வகையை அழுத்திப் பார்த்தாள், ரப்பர் கட்டை மாதிரி இருந்தது. "இது குளிர்ல கல்லாயிடும்" என்றாள். நடுவில் இருந்தது, போன வருஷச் சரக்கு, ஆனால் ஒரு நாளும் ஓடாத புத்தம் புதுசு. பக்கவாட்டில், பனிக்கு ஏற்றது என்று காட்டும், மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருந்தது. பட்டன் ஆழமாக, விரல் நுனி புதைகிற மாதிரி.

"இப்போ இருக்கற அளவு வேணாம். ஒரு இஞ்ச் சின்ன ரிம் போடு. என் பிரேக்குக்கு அது இடிக்காது. டயரும் ஒல்லியா இருக்கும், விலையும் குறையும், பனியை நல்லா வெட்டிட்டுப் போகும்."

"அட! இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தெட்டு வருஷம் பக்கத்துல நின்னா சும்மாவா நின்னிருப்பேன்?"

ரிம் பழையதே போதும் என்றாள். கிளெமான் ஐந்து துளை இரும்பு ரிம் நான்கு எடுத்தான். லேசாகத் துரு, ஆனால் வளைவில்லை. சுற்றிவிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"காத்து அளக்கற சென்சார் போடட்டுமா? தனிக் காசு. போடலைன்னா குளிர்காலம் பூரா டேஷ்போர்டுல ஒரு லைட் எரிஞ்சுட்டே இருக்கும்."

"எரியட்டும். வீட்டுல எத்தனை எச்சரிக்கை லைட் எரிஞ்சுது, எதைப் பார்த்தேன்?"

கிளெமான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், டயரை ரிம்மில் ஏற்றும் மெஷினை முடுக்கிவிட்டான்.

"அந்த செட்டை என்ன பண்ண?" என்று கேட்டான், மூலையைக் காட்டி.

"அவன் காசை அவன்கிட்டயே கொடுத்துடு. நல்ல மனசோடதான் வாங்கியிருக்கான்னு எனக்குத் தெரியும்னு சொல்லு. மறக்காம சொல்லு."

போகும்போது கோட்டின் கையால் தன் பெயரைத் துடைத்தாள். பாதிதான் போயிற்று.

காரில் மாட்டித் தர கிளெமானுக்கும் நேரமில்லை. நாலும் டிக்கியிலும் பின் சீட்டிலுமாக ஏறின. வீட்டு முற்றத்தில் இறக்கியபோது வானம் ஈயம் மாதிரி தாழ்ந்து வந்திருந்தது.

மரியேல் முதலில் நட்டுகளைத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கியை வைத்தாள். கழற்றிய நட்டுகளை எங்கே வைப்பது என்று அவள் திரும்பியபோது, ஜோசியான் தன் குல்லாயைக் கழற்றி நீட்டிக்கொண்டு நின்றாள்.

நாலு வயதில் அதுதான் அவளுடைய வேலை. டயர் அடுக்கின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். மடியில் குல்லாய், குல்லாயில் நட்டு. ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடாது என்று ரெஜான் சொல்லிவைத்ததால், மூச்சுவிடாமல் எண்ணிக்கொண்டே இருப்பாள்.

"இப்பவும் எண்ணுவியா?"

"எண்ணிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ஜோசியான். கண் நிறைந்திருந்தது.

பின் சக்கரம் ஒன்று துருவில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மரியேல் ஆட்டினாள், இழுத்தாள், கடைசியில் தரையில் உட்கார்ந்து குதிகாலால் உதைத்தாள். உதைக்கும்போது, ரெஜான் வழக்கமாகச் சொல்வது போலவே, அந்த ஊரில் வசவாகிவிட்ட, மாதா கோவில் பலிபீடத்திலிருக்கும் பாத்திரங்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லித் திட்டினாள். மூன்றாவது பாத்திரத்துக்குச் சக்கரம் கழன்று விழுந்தது.

"அம்மா! பாதிரியார் காதுல விழுந்திருக்கும்!"

"அவரும் டயர் மாத்தறவர்தான்."

இரண்டு பேரும் முற்றத்துச் சரளையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது ஜோசியான் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"கீழ் வீடு எப்பவும் உனக்கு இருக்கும்மா. அஞ்சு வருஷம் கழிச்சு வந்தாலும்."

"வரமாட்டேன்னு நான் சொல்லலையே. ஒருத்தர் தள்ளிவிட்டு வரமாட்டேன். அவ்வளவுதான்."

கடைசிச் சக்கரத்தின் நட்டுகளை நட்சத்திரம் போடுகிற மாதிரி எதிரும் புதிருமாக மரியேல் இறுக்கிக்கொண்டிருந்தபோது முதல் பனி விழுந்தது. முதலில் ஸ்பேனர் மேல் ஒன்று. அப்புறம் கண்ணிமையில். பிறகு ஊரே சத்தமில்லாமல் வெளுக்கத் தொடங்கியது. உள்ளே அடுப்பில் பட்டாணி சூப் கொதிக்கும் வாசனை வந்தது.

தெருமுனையில் ஒரு வண்டியின் வெளிச்சம் திரும்பியது. ரெஜானின் பிக்கப்.

"கிளெமான் போன் பண்ணியிருப்பான்" என்று முணுமுணுத்தாள் மரியேல். எழுந்து நிற்கும்போது முழங்கால் வலித்தது.

ரெஜான் இறங்கினான். தாடி விட்டிருந்தான், அதில் நரை அதிகம். மகளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். மரியேலைப் பார்க்கவில்லை. நேராகக் காரிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, புதுச் சக்கரத்தைச் சுற்றிலும் பார்த்தான். ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக இறுக்கிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

"யார் மாட்டினது?"

"நான்."

"சின்ன ரிம் போட்டிருக்க."

"ஆமா."

"நானா இருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்" என்றான் மெதுவாக.

"நீ எடுக்கலையே, ரெஜான்."

அவன் எழுந்தான். பனி அவன் தலையில் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஒரு கணம் அவளுக்கு, இருபத்தேழு வயதில் இதே முற்றத்தில், இரண்டே இரண்டு பனி டயர்களோடு வந்து நின்றவன் தெரிந்தான். அவனுடைய விறைத்த விரல்களை எடுத்துத் தன் கையுறைக்குள் வைத்துக்கொள்ளக் கை துடித்தது. அந்தத் துடிப்பைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"வீட்டு விஷயம்னா வக்கீல் மூலமா பேசு. ஜோசியை இனிமே நடுவுல நிறுத்தாதே."

"வீட்டு விஷயமா வரல."

"பின்னே?"

ரெஜான் ஜோசியானைப் பார்த்தான். முகத்தில் ஒரு சோர்வு. தாடிக்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை மரியேல் அப்போதுதான் கவனித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், மரியேல். ஏன் அவ்வளவு அவசரமா விக்கச் சொன்னேன்னு. உள்ளே உட்கார்ந்து சொல்றேனே."

"உள்ளே சூப் இருக்கு. ஜோசி, அப்பாவுக்கு ஒரு கிண்ணம் ஊத்து."

"நீ?" என்றான் ரெஜான்.

"புது டயர் போட்டா ஓட்டிப் பார்த்துட்டு நட்டை மறுபடி இறுக்கணும். நீதான் சொல்லுவ."

கார் கிளம்பியது. கண்ணாடியில் அப்பாவும் மகளும் பனிக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கோவிலுக்குப் பின்னால் செல்லும் மலைச்சாலையில் வண்டியை விட்டாள். போன குளிர்காலம் முதல் வளைவிலேயே சறுக்கிப் பக்கத்துக் குழியில் இறங்கிய இடம் அது. இப்போது டயர்கள் பனியைக் கடித்துக்கொண்டு ஏறின. ஒல்லி டயர்தான். ஆனால் பிடித்துக்கொண்டது. இரண்டாவது வளைவு. மூன்றாவது. ஒரு தடவை வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினாள். கார் ஒரு நீள மூச்சு விட்டு, நேராக நின்றது. மரியேல் தனியாகச் சிரித்தாள்.

உச்சியில் நிறுத்தினாள். கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. ஆற்றுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல் மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அங்கே ஒருவன் சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருப்பான். ஒட்டிப்போன அந்தக் கன்னம், அவள் வேலைக்குப் போகும் வீடுகளில் தினமும் பார்க்கிற கன்னங்கள் மாதிரியே, திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. அவன் சொல்லப்போவது என்ன என்று அவளால் ஊகிக்க முடிந்தது. ஊகிக்க அவள் விரும்பவில்லை.

இந்த மலையில் ஏறுவது கஷ்டமில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இறங்குவதுதான்.

மரியேல் வண்டியைத் திருப்பினாள். கியரைக் குறைத்து, பிரேக்கில் கால் வைக்காமல், வீட்டைப் பார்த்து மெல்ல இறங்க ஆரம்பித்தாள்.